முதல் எண்டார்ஸ்மென்ட்

விமானி உரிமம் கைக்கு வந்துவிட்டால் எந்த விமானத்தையும் ஓட்டலாம் என்றுதான் வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். ஆனால் 200 மணி நேரம் பறந்து, விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ.வின் தேர்வுகளை முடித்து வாங்கும் வணிக விமானி உரிமம், பழகிய செஸ்னா, டயமண்ட் போன்ற சின்ன விமானங்களோடு நின்றுவிடும். பயணிகள் விமானத்தின் காக்பிட்டில் உட்கார வேண்டுமானால் அந்த ரகத்துக்கென்று தனியாக வகுப்பு, தனியாகத் தேர்வு, தனியாக சிமுலேட்டர். தேறிய பிறகு அந்த ரகத்தின் பெயர் உரிமத்தில் ஏறும். எண்டார்ஸ்மென்ட் என்பது இதுதான். ஏர்பஸ் ஏ320 எண்டார்ஸ்மென்ட் வைத்திருப்பவர் போயிங் 737-ஐத் தொட முடியாது. 737-காரருக்கு புரொப்பெல்லர் விமானமான ஏடிஆர் அந்நியம்.

அதனால்தான் எதில் தொடங்குவது என்ற கேள்வி ஒவ்வொரு புதிய விமானியின் வீட்டிலும் கல்யாணப் பேச்சுக்கு ஈடாக ஓடுகிறது.

தென்மாவட்டத்துக்காரர் ஒருவர், ஏடிஆரில் துணை விமானியாகத் தொடங்கி, அதிலேயே கேப்டனாகி, இன்று ஏ320-ல் பயிற்சி கேப்டனாக இருக்கிறார். விடுமுறைக்கு ஊருக்கு வந்தால் இந்தக் கேள்வியோடு யாராவது ஒருவர் திண்ணையில் காத்திருப்பார். அவர் தரும் பதில் பெற்றோருக்கு உவப்பாக இருப்பதில்லை. வேலை உறுதியாகாமல் சொந்தக் காசில் எண்டார்ஸ்மென்ட் போடாதீர்கள் என்பார். கம்பெனி தன் செலவிலோ, இத்தனை ஆண்டு விலக மாட்டேன் என்று பாண்டு எழுதி வாங்கிக்கொண்டோ ஏடிஆர் கொடுத்தால், ஜெட் இல்லையே என்று முகம் சுளிக்காமல் போகச் சொல்லுங்கள் என்பார்.

இந்தப் பதிலுக்குப் பின்னால் ஒரு காலம் இருக்கிறது. 2005, 2006 வாக்கில் நாட்டில் விமான நிறுவனங்கள் அடுத்தடுத்து முளைத்தன. இங்கே பயிற்சிப் பள்ளிகளில் இடம் கிடைக்காமல் பிள்ளைகள் பிலிப்பைன்சுக்கும் நியூசிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் போனார்கள். அவர்கள் உரிமத்தோடு திரும்பிய நேரம் 2008-ன் பொருளாதார மந்தம் வந்து சேர்ந்தது. ஆள் எடுப்பு நின்றது. வங்கிக் கடனும் அடகு வைத்த நகையும் வட்டியைத் தின்றுகொண்டிருக்க, உரிமம் பீரோவில் கிடந்தது. அப்போதுதான் அந்த யோசனை பரவியது: எண்டார்ஸ்மென்ட்டையும் நாமே போட்டுவிட்டால், கம்பெனிகள் மறுபடி ஆள் எடுக்கும் நாளில் வரிசையில் முன்னால் நிற்கலாம். அதற்கு இன்னும் பத்து லட்சத்துக்கு மேல். ஏ320-ஆ, 737-ஆ என்று ஆளாளுக்குக் கணக்குப் போட்டார்கள்.

அந்தத் தென்மாவட்டத்துக்காரரிடம் அந்தப் பணம் இல்லை. போட்டவர்கள் பட்ட பாட்டை அருகிலிருந்து பார்த்தார். எண்டார்ஸ்மென்ட் வாங்கி வைத்தால் அப்படியே இருக்கும் பொருளில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை சிமுலேட்டரில் தேறிக் காட்டினால்தான் அது உயிரோடு இருக்கும். வேலையில் இருப்பவருக்கு அந்தச் செலவைக் கம்பெனி பார்த்துக்கொள்ளும். வேலை இல்லாதவர் அதற்கும் கைக்காசைத் தேட வேண்டும். இரண்டு முறை கட்டினார்கள், மூன்றாவது முறை விட்டுவிட்டார்கள். சிலர் எம்.பி.ஏ. படிக்கப் போனார்கள்.

எந்த ரகம் என்பதில் சந்தை எவ்வளவு குரூரமாக நடந்துகொள்ளும் என்பதற்கு நம் ஊரிலேயே சாட்சி உண்டு. சென்னையிலிருந்து 2005-ல் பறக்கத் தொடங்கிய பாரமவுண்ட் ஏர்வேஸைப் பலர் இன்னும் மறக்கவில்லை. மதுரையின் ஜவுளிக் குழுமம் ஒன்று நடத்திய நிறுவனம் அது. பிரேசில் நாட்டு எம்ப்ரேயர் 170, 175 விமானங்கள் வைத்திருந்தார்கள். நடு இருக்கை என்பதே இல்லாத, அடக்கமான, அருமையான ஜெட். 2010-ல் நிறுவனம் நின்றபோது, அட்டவணைப்படி பறக்கும் வேறெந்த இந்திய நிறுவனத்திலும் அந்த ரகம் இல்லை. நல்ல விமானத்தில் நன்றாகப் பழகிய விமானிகள் எண்டார்ஸ்மென்ட்டை மாற்றிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் நாட்டை விட்டுப் போக வேண்டும் என்ற நிலைக்கு வந்தார்கள். 2013-ல் ஏர் கோஸ்டா எம்ப்ரேயரோடு வந்தது. 2017-ல் அதுவும் நின்றது. ஸ்டார் ஏர் வழியாக 175 மறுபடி இந்தியாவுக்குள் வர 2023 ஆயிற்று.

737 வைத்திருந்தவர்களுக்கு அடி வேறு விதமாக வந்தது. 2018 அக்டோபரில் இந்தோனேசியாவின் லயன் ஏர், 2019 மார்ச்சில் எத்தியோப்பியன் ஏர்லைன்ஸ் என்று இரண்டு 737 மேக்ஸ் விமானங்கள் விழுந்து 346 பேர் இறந்தார்கள். உலகெங்கும் மேக்ஸ் தரையிறக்கப்பட்டது. இந்தியாவில் அந்தத் தடை 2021 ஆகஸ்ட் வரை நீடித்தது. மேக்ஸ் நின்ற அடுத்த மாதமே, 2019 ஏப்ரல் 17-ம் தேதி, ஜெட் ஏர்வேஸ் தன் கடைசி விமானத்தை இயக்கிவிட்டு நின்றது. 737 எண்டார்ஸ்மென்ட்டோடு அத்தனை பேர் ஒரே நேரத்தில் வெளியே வந்தார்கள். பெரிய அளவில் 737 ஓட்டிக்கொண்டிருந்தவை ஸ்பைஸ்ஜெட்டும் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸும்தான். மேக்ஸையே நம்பி ஆகாசா ஏர் தொடங்கியது 2022 ஆகஸ்டில். நடுவில் இருந்த மூன்று ஆண்டுகளில் கொரோனாவும் வந்து போயிருந்தது.

இதோடு கோ ஃபர்ஸ்டை ஒப்பிட்டுப் பார்க்கலாம். பிராட் அண்ட் விட்னி இன்ஜின் தகராறில் பாதி விமானங்கள் முடங்கி, 2023 மே மாதம் அந்த நிறுவனம் நின்றது. சம்பள பாக்கி, மன உளைச்சல் எல்லாம் அங்கேயும் இருந்தது. ஆனால் அங்கிருந்தவர்கள் கையில் இருந்தது ஏ320. இண்டிகோ, ஏர் இந்தியா, விஸ்தாரா என்று எங்கே திரும்பினாலும் அதே காக்பிட். அடுத்த மாதமே, பாரிஸ் விமானக் கண்காட்சியில், இண்டிகோ 500 ஏ320 ரக விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. அதற்கு முன் பிப்ரவரியில் ஏர் இந்தியா அறிவித்த 470 விமானங்களில் 210 இதே குடும்பம், 190 மேக்ஸ். ஏ320 எண்டார்ஸ்மென்ட் ஒன்றே ஏ319-க்கும் ஏ321-க்கும் செல்லும். பின்னால் ஏ330-க்கோ ஏ350-க்கோ போகும்போது, காக்பிட் ஒரே சாயலில் இருப்பதால் பயிற்சியும் சுருக்கம்.

ஆக, வேலைச் சந்தையை மட்டும் வைத்துப் பார்த்தால் இன்றைய இந்தியாவில் பதில் ஏ320. இதில் அந்த கேப்டனுக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் சந்தைக் கணக்கு, வேலை தேடும் நாளோடு முடிந்துவிடும். விமானி என்ன ஆகப் போகிறார் என்பது அடுத்த 1,500 மணி நேரத்தில் முடிவாகிறது. கேப்டனுக்கு வேண்டிய ஏ.டி.பி.எல். உரிமத்துக்குக் கேட்கப்படும் மணிக்கணக்கும் அதுதான். ஏடிஆரைப் பற்றி அவர் பேசத் தொடங்குவது அந்த இடத்தில்.

ஏடிஆர் 72-ஐப் பார்த்து, 'இது என்ன, காத்தாடி வெச்ச பிளேனா' என்று கேட்கும் பயணிகள் இன்றும் உண்டு. 70-லிருந்து 78 இருக்கை, தூக்கிக்கட்டிய இறக்கையில் இரண்டு டர்போபிராப் இன்ஜின்கள், ஒவ்வொன்றிலும் ஆறு இதழ் புரொப்பெல்லர். மணிக்கு 500 கிலோமீட்டர் வேகம், அதிகபட்சம் 25,000 அடி உயரம். ஆட்டோ த்ராட்டில் கிடையாது. புறப்பட்டதிலிருந்து இறங்கும் வரை இன்ஜினின் விசையைக் கூட்டுவதும் குறைப்பதும் விமானியின் கைதான்.

தரையில் நிற்கும்போதே அதன் தனித்தன்மை தெரிந்துவிடும். பெரிய ஜெட் விமானங்களில், நிற்கும்போது மின்சாரமும் குளிர்காற்றும் தர வாலில் ஏ.பி.யு. என்ற குட்டி இன்ஜின் இருக்கும். ஏடிஆரில் அது இல்லை. வலது இன்ஜினை ஓடவிட்டு, அதன் புரொப்பெல்லரை மட்டும் பிரேக் போட்டுப் பிடித்து வைப்பார்கள். இன்ஜின் உள்ளே சுழலும், இதழ்கள் அசையாமல் நிற்கும். பயணிகள் இடது பக்கம் பின்வாசல் வழியாக ஏறிக்கொண்டிருப்பார்கள். இதற்கு ஹோட்டல் மோடு என்று பெயர். பின்காற்று வரம்பை மீறினால் இதைச் செய்யக் கூடாது. எனவே விமானத்தை எந்தத் திசை பார்த்து நிறுத்துவது என்பதில் தொடங்கி எல்லாவற்றிலும் காற்றை நினைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதுப் பிள்ளைக்கு இந்தப் பழக்கம் முதல் ஆண்டிலேயே படிந்துவிடுகிறது.

அந்த கேப்டனைச் செதுக்கியது தூத்துக்குடி. வாகைகுளம் விமான நிலையத்தின் பழைய ஓடுபாதை 1,351 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். சென்னையின் பிரதான ஓடுபாதை 3,600 மீட்டருக்கு மேல். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு ஆனி, ஆடி மாத மேல்காற்றை நினைத்துப் பார்க்க வேண்டும். மலைக் கணவாய்களில் புகுந்து வரும் காற்று, செம்மண் தேரிகளின் புழுதியைத் தூக்கிக்கொண்டு விட்டு விட்டு அடிக்கும். ஒரு நொடியில் வேகம் பத்து நாட் ஏறும், அடுத்த நொடியில் இறங்கும். கை பவர் லீவரை விட்டு நகர முடியாது. விசையைக் கூட்டினால் மூக்கு ஒரு பக்கம் இழுக்கும், அதைக் கால் சரிசெய்ய வேண்டும். பாதையின் தொடக்கத்தைத் தாண்டும்போது லீவரைச் சட்டென்று பின்னுக்கு இழுத்தால், இரண்டு பெரிய புரொப்பெல்லர்களும் தட்டுகளாகி காற்றை மறித்து விமானத்தைத் தொப்பென்று போட்டுவிடும். மெல்ல, ஒரே சீராக இழுக்க வேண்டும். சக்கரம் தரையைத் தொட்டதும் முன்பலகையில், இதழ்கள் தட்டையாகத் திரும்பிவிட்டதைக் காட்டும் இரண்டு லோ பிட்ச் விளக்குகள் எரிகின்றனவா என்று மற்ற விமானி பார்த்துச் சொல்வார். அதன் பிறகே ரிவர்ஸ். ஒரு விளக்கு மட்டும் எரிந்தால் ஒரு பக்கம் மட்டும் இழுக்கும், பாதையை விட்டு இறங்கிவிடும். இவ்வளவும் சில நொடிகளில்.

இப்போது அங்கே 3,115 மீட்டர் ஓடுபாதையும் புது முனையமும் வந்துவிட்டன. 2025 ஜூலையில் பிரதமர் திறந்து வைத்தார். ஊருக்கு அது பெரிய நன்மை. ஆனால் சேலம், புதுச்சேரி, யாழ்ப்பாணம் போன்ற இடங்களுக்கு இன்னமும் ஏடிஆர்தான் போகிறது.

உயரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜெட் 35,000 அடிக்குப் போய், சாதாரண மேக மூட்டத்தைக் கீழே விட்டுவிடும். ஏடிஆர் 17,000, 18,000 அடியில் மேகத்துக்குள்ளேயேதான் உழல வேண்டும். வடகிழக்குப் பருவத்தில் சென்னைக்கும் மதுரைக்கும் இடையே ரேடார் திரையில் சிவப்பைத் தவிர்த்து வழி கண்டுபிடிப்பது அன்றாட வேலை. அந்த உயரத்தில்தான் பனியும் படியும். இறக்கையின் முன்விளிம்பில் ரப்பர் உறை பதித்திருப்பார்கள். அதில் காற்று ஏறி உப்பும்போது படிந்த பனி உடைந்து சிதறும். 1994 அக்டோபர் 31-ம் தேதி அமெரிக்காவின் ரோஸ்லான் அருகே ஏடிஆர் 72 ஒன்று, அந்த உறைக்குப் பின்னால் படிந்த பனியால் கட்டுப்பாட்டை இழந்து விழுந்து 68 பேர் இறந்த பிறகு, உறையின் அகலம் கூட்டப்பட்டது. பயிற்சி வகுப்பில் இந்த விபத்தைப் பற்றிக் கேட்காமல் எந்த ஏடிஆர் விமானியும் வெளியே வருவதில்லை.

இன்னொரு விபத்தையும் அவர் தவறாமல் சொல்வார். 2023 ஜனவரி 15, நேபாளத்தின் பொக்காரா. எட்டி ஏர்லைன்ஸின் ஏடிஆர் 72. ஓட்டிக்கொண்டிருந்தவர் ஃபிளாப்பை 30-க்கு இறக்கச் சொல்கிறார். பக்கத்தில் இருந்தவரின் கை, ஃபிளாப் லீவருக்குப் பதிலாக, புரொப்பெல்லர்களைக் கட்டுப்படுத்தும் இரண்டு கண்டிஷன் லீவர்களையும் இழுத்துவிடுகிறது. புரொப்பெல்லர்கள் இரண்டும் காற்றைத் தள்ளாமல் விளிம்பு காட்டித் திரும்பிவிட, விசையே இல்லாமல் விமானம் விழுந்தது. 72 பேரும் இறந்தார்கள். லீவரைத் தொட்டு, கண்ணால் பார்த்து, வாயால் பெயரைச் சொல்லி, அதன் பிறகு நகர்த்து என்று அவர் சுவரில் ஒட்டிய காக்பிட் படத்தின் முன் பயிற்சி பெறுபவர்களை உட்காரவைத்துத் திரும்பத் திரும்பச் செய்யவைப்பது இதற்காகத்தான். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து காகிதத்தைத் தொட்டுப் பழகுவதில் சலிப்பு வரும். சலிப்பு வந்த பிறகும் இன்னொரு முறை செய்யச் சொல்வார்.

ஏடிஆரில் கேப்டனாகிப் பிறகு அவர் ஏ320-க்கு மாறினார். அதில் முதலில் திகைக்கவைப்பது கைதான். முன்னால் ஸ்டியரிங் இல்லை, பக்கவாட்டில் ஒரு சின்னக் குச்சி. ஒரு விமானி தன் குச்சியை அசைத்தால் மற்றவருடையது அசையாது. த்ரஸ்ட் லீவரை 'கிளைம்ப்' தடத்தில் வைத்துவிட்டால் அது அங்கேயே நிற்கும். கணினி விசையைக் கூட்டும், குறைக்கும், லீவர் அசையாது. ஏடிஆரில் உள்ளங்கை வழியாகத் தெரிந்த விஷயம் இங்கே திரையில் எண்ணாகத் தெரியும். கண் அதைத் தேடிப் போக வேண்டும்.

அந்தத் தேடல் பழகாத காலத்தில் என்ன நடந்தது என்பதற்கு பெங்களூரு சாட்சி. இந்தியன் ஏர்லைன்ஸ் ஏ320-ஐ வாங்கிய புதிது. நம் ஓடுபாதைகளை நினைத்து, ஒரு பக்கத்துக்கு நான்கு சக்கரம் வைத்த தரையிறங்கு அமைப்பைக் கேட்டு வாங்கிய ஒரே நிறுவனம் அது. அந்த அளவுக்கு யோசித்து வாங்கிய விமானம். 1990 பிப்ரவரி 14 அன்று அவற்றில் ஒன்று, எச்.ஏ.எல். விமான நிலையத்துக்குச் சற்று முன்னால் கோல்ஃப் மைதானத்தில் விழுந்தது. 146 பேரில் 92 பேர் இறந்தார்கள். விமானம் இறங்கிக்கொண்டிருந்த முறையில் இன்ஜின்கள் ஐடிலில் கிடந்தன, வேகம் குறைந்துகொண்டே போனது, அதைக் கவனித்துத் திருத்துவதற்குள் காலம் கடந்துவிட்டது. அடுத்த சில மாதங்கள் அரசு அந்த ரகத்தையே பறக்கவிடவில்லை. விமானம் மோசமானதில்லை என்பதை அதன் பிறகான 35 ஆண்டுகள் காட்டிவிட்டன. வேகம் குறைகிறது என்று உடம்புக்கே தெரியும் பழக்கம் விமானிக்கு முன்பே இருந்தால் ஏ320 இன்னும் பாதுகாப்பான விமானம் என்பது அவருடைய உறுதியான எண்ணம். அந்தப் பழக்கத்தை ஏடிஆர் தருகிறது.

737 இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. 1967-ல் முதலில் பறந்த வடிவமைப்பு, இன்றும் கேபிளும் கப்பியும் இழுத்து இயங்குகிறது. ஆட்டோ த்ராட்டில் உண்டு, ஆனால் லீவர் கண் முன்னே நகரும். முழங்காலுக்குப் பக்கத்தில் டிரிம் சக்கரம் கடகடவென்று சத்தம் போட்டுச் சுற்றும். லயன் ஏர், எத்தியோப்பியன் விமானங்களில் எம்கேஸ் என்ற மென்பொருள் திரும்பத் திரும்பச் சுற்றிவிட்டது அந்தச் சக்கரத்தைத்தான். கையால் ஓட்டுவதில் ருசி உள்ளவர்கள் 737-ஐ விட்டுக்கொடுக்க மாட்டார்கள். இந்தியாவில் வாய்ப்பு ஏர்பஸ்ஸைவிடக் குறைவு, அவ்வளவே.

அமெரிக்காவில் இந்தத் தேர்வு வேறு மாதிரி நடக்கும். பெரிய நிறுவனங்களில் புதிதாகச் சேரும் குழுவின் முன் காலியிடப் பட்டியலை வைப்பார்கள்: இன்ன ரகம், இன்ன ஊர், இத்தனை இடம். சீனியாரிட்டி வரிசையில் ஒவ்வொருவராக எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரே நாளில் சேர்ந்தவர்களுக்குள் பல நிறுவனங்களில் வயதில் மூத்தவருக்கே முன்னுரிமை. பெரிய விமானத்தில் கடைசி ஆளாக இருந்து தீபாவளி, கிறிஸ்துமஸ் எல்லாம் அழைப்புக்குக் காத்திருப்பதா, சின்ன விமானத்தில் சீக்கிரம் மேலேறி வேண்டிய நாளில் வீட்டில் இருப்பதா என்று அங்கே யோசிக்கிறார்கள். நம் ஊரில் புதியவருக்கு அந்தச் சுதந்திரம் பெரும்பாலும் இல்லை. கம்பெனி கொடுப்பதுதான். அதனால்தான் கொடுப்பதை எப்படி எடுத்துக்கொள்வது என்ற பேச்சு.

கடந்த ஆண்டு அவருடைய அக்கா மகன் வந்து நின்றான். உரிமம் வாங்கியாயிற்று, ஒரு கம்பெனியில் எழுத்துத் தேர்வும் சிமுலேட்டர் தேர்வும் தேறியாயிற்று, கிடைத்தது ஏடிஆர். முகத்தில் சந்தோஷமே இல்லை.

"ஏர்பஸ் கெடச்சிருந்தா நல்லா இருந்திருக்கும் மாமா. இதுல சம்பளமும் கம்மி. சொந்தமா ஏ320 போட்டுட்டு வேற எடத்துல பாக்கட்டுமான்னு அப்பா கேக்காரு."

"மாப்ள, உங்கப்பாட்ட அந்தப் பணத்த பேங்க்லயே வைக்கச் சொல்லு. கைக்கு வந்த வேலைய விட்டுட்டு பேப்பர வாங்கப் போவாதே. சம்பளம் கம்மிங்கறது நெசந்தான். ஆனா ஒரு நாளைக்கு நாலு செக்டர் பறப்ப. டெல்லிக்கு ஏர்பஸ்ல போறவன் ரெண்டு தடவ எறக்குறதுக்குள்ள நீ நாலு தடவ எறக்கியிருப்ப."

பிறகு வேலைக் கடிதத்தை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ரகத்தின் பெயர் இருந்த முதல் பக்கத்தைப் புரட்டிவிட்டு நேராகப் பின்பக்கங்களுக்குப் போனார். பாண்டு எத்தனை ஆண்டு, நடுவில் விலகினால் கட்ட வேண்டிய தொகை ஆண்டுக்கு ஆண்டு குறையுமா, இல்லை கடைசி மாதம் வரை முழுத் தொகையா. ஏடிஆரிலிருந்து ஏர்பஸ்ஸுக்கு மாறக் கம்பெனிக்குள் எத்தனை ஆண்டு காத்திருக்க வேண்டும், அப்போது ஏடிஆர் கேப்டன் மறுபடி துணை விமானியாக உட்கார வேண்டியிருக்குமா. அப்படி உட்காரவைக்கும் நிறுவனங்களும் உண்டு. நோட்டீஸ் காலம் டி.ஜி.சி.ஏ. விதிப்படி துணை விமானிக்கு ஆறு மாதம், கேப்டனுக்கு ஒரு வருடம் என்பதையும் பையனுக்குச் சொன்னார். மூன்று இடத்தில் பென்சிலால் கோடு போட்டு, கையெழுத்துப் போடுமுன் மனிதவளத் துறையிடம் எழுத்தில் கேட்டு வாங்கச் சொன்னார். பையன் ஒரு வாரத்தில் பதிலோடு வந்தான். பாண்டுத் தொகை ஆண்டுதோறும் குறையும் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். இப்போது அவன் பயணிகளோடு பறந்து பழகும் லைன் டிரெய்னிங்கில் இருக்கிறான், போன வாரம் சேலத்துக்குப் போய்வந்ததாக அக்கா போனில் சொன்னாள்.